பொன்னாடையாகப் போன போர்வை

டேய் பிரபு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். உன் பெண்டாட்டி நித்யாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் பார்க்கிறேன். அதனால் சுகமா என்று கேட்கப் போவதில்லை. எங்களைப் பற்றிக் கேட்டால், உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வயிற்றெரிச்சல். மாத்திரை போட்டால் அடங்குகிற வயிற்றெரிச்சல் இல்லை.

போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டாயாம். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் "அம்மா, நான் சொல்றதைக் கேளு" என்பாய். அதற்கப்புறம் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், கடைசியில் தப்பு என் மேல்தான் என்கிற மாதிரி ஆகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். நீ வேலைக்காக ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பாவிடமே கொடுத்து குமணன்சாவடியில் உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். அவர் "விடு, பெத்த பிள்ளைதானே" என்று ஆரம்பித்தார். பெற்ற பிள்ளை என்பதால்தான் விட முடியவில்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

பொங்கல் வாரம் நம் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போன காலத்திலிருந்து கட்பீஸ் மூட்டை நம் வீட்டில் ஒரு ஆளைப் போல ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். வருஷம் முழுக்க அதைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து மேல்துணி தயார் செய்து வைத்துவிடுவேன். போர்வையாக ஆவது என்னவோ போகிக்கு முந்தின நாட்களில்தான். எல்லா வீட்டிலும் பழசைக் கழிக்கிற நேரம் அது. முத்தாபுதுப்பேட்டை பெண்கள் ஆளுக்கொரு பையோடு வந்து நிற்பார்கள். "எரிக்க மனசு வரல, நீங்களே எதுக்காவது வெச்சுக்குங்க." மாமியார் புடவை, செத்துப்போன புருஷனின் வேட்டி, பிள்ளைக்கு முதன்முதலில் வாங்கின சட்டை. அவற்றை மடித்து நடுவில் அடுக்கி, மேலே கட்பீஸ், கீழே பழைய பெட்ஷீட் வைத்து, நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டு, ஓரத்துக்குப் பட்டி அடித்தால் மார்கழிப் பனியைத் தாங்குகிற போர்வை. ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரம் முழுக்க நம் வீட்டுச் சாம்பாரில்கூட நூல் கிடக்கும் என்று நீதான் கிண்டல் செய்வாய்.

நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும். துணி கொடுத்தவர்கள் ஊசியைக் கையில் வாங்கி முதல் தையலைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தைக்கத் தெரியாது என்றாலும் விடமாட்டேன். கோணலாகப் போட்டாலும் பிரிக்க மாட்டேன். இது ஏதோ சடங்கு என்று நினைக்காதே. கொடுக்கிறவர்கள் கை அதில் பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தையல் போடும்போது அவர்களாகவே யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். வயசானவர்களுக்குக் கொடுங்கள் என்பார்கள், கைக்குழந்தைக்காரிக்குக் கொடுங்கள் என்பார்கள். நான் சரி என்பேன். மாட்டுப் பொங்கல் காலையில் அப்பாவும் நானும் ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், வராண்டாவில் படுத்துக் கிடக்கிற நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவோம். சொன்னபடியே சொன்னவர்களுக்கு.

இந்த வருஷம் ராஜேஸ்வரி வந்தாள். ஸ்டேஷன் ரோட்டில் டிபன் கடை போட்டிருக்கிற ராஜிதான். நீ ஸ்கூல் படிக்கும்போது அவள் கடை வடைக்குக் கணக்கில்லாமல் கை நீட்டுவாயே. அவள் பெண் தேவி காய்ச்சலில் அந்த ஆஸ்பத்திரியில்தான் போனாள். பெண் உள்ளே கட்டிலில் கிடந்த நாளெல்லாம் ராஜி வெளியே வராண்டாவில், வெறும் தரையில் பேப்பரை விரித்துப் படுத்துக் கிடந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு போகிக்கும் நான் அவள் கடையைத் தாண்டும்போது எதுவும் கேட்க மாட்டேன். கேட்கக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறது. இந்த வருஷம் அவளாகவே வந்து, தேவியின் பாவாடையை என் மடியில் வைத்தாள். மாம்பழ மஞ்சள், பச்சைக் கிளி அச்சு. சோப்பு வாசனை வந்தது. வருஷா வருஷம் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

"உள்ள வெச்சி தெச்சிடாதக்கா, மேல தெரியட்டும். அங்க எதுனா பொம்பளப் புள்ள படுத்துகினு இருந்தா அதுக்குக் குடு" என்றாள். ஊசியை வாங்கி, சிவப்பு நூலில் முதல் தையல் போட்டாள். விரலில் குத்திக்கொண்டு, தையல் மேடும் பள்ளமுமாகப் போயிற்று. பார்க்காத மாதிரி நான் காபி போடப் போய்விட்டேன். அந்தப் போர்வைக்கு மட்டும் மேல்துணியை மறுபடி பிரித்து, நடுவில் அந்தப் பாவாடையை வைத்துத் தைத்தேன்.

அப்போதுதான் நீ வந்தாய். "அப்பா முழங்காலோட ஆட்டோல போக வேணாம், அத்தை வேற வராங்க, நீ சமையலைப் பாரு, நான் கார்ல கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றாய். டேய், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் அத்தை திருவள்ளூரிலிருந்து வந்து இறங்கினதும் முதல் பேச்சே அதுதான். என் பிள்ளை லீவு நாளில் தூங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்று உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். கிளிப் போர்வையை மட்டும் தனியாக ஒரு பையில் போட்டு, யாருக்கு என்று உன்னிடம் சொன்னேன். தேவியை உனக்குத் தெரியும். தலையாட்டினாய்.

மத்தியானம் போன் செய்தாய். "குடுத்தாச்சும்மா. கிளிப் போர்வை ஒரு சின்னப் பொண்ணுக்கு. ரெண்டு பின்னல் போட்டிருந்தா. போர்த்திக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு." நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ராஜி கடைக்குப் போனேன். ரெண்டு பின்னல் என்றேன், சிரித்தாளாம் என்றேன். அவள் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள். தேவிக்கும் ரெண்டு பின்னல்தானே என்றாள். வெள்ளிக்கிழமை கடை லீவு, போய் அந்தப் பெண்ணைப் பார்த்து நாலு இட்லி ஊட்டிவிட்டு வரலாம் என்றாள். நானும் சரி என்றேன். உன் வாயிலிருந்து வந்த கதையை என் வாயால் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நித்யாவின் ஸ்டேட்டஸ் வந்தது. உங்கள் ஆபீஸ் பொங்கல் விழா. கரும்பு, கோலம், எல்லாரும் பட்டு வேட்டி. ஜெர்மனி ஆபீஸிலிருந்து வந்தவர்களை மேடையில் வரிசையாக நிற்க வைத்து, பொன்னாடைக்குப் பதிலாக என் போர்வைகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறாய். நடுவில் நின்ற அம்மாளின் தோளில் பச்சைக் கிளி. கீழே 'அத்தையின் கைவண்ணம்' என்று எழுதி இதயம் போட்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கோணல் தையல்கூடத் தெரிந்தது. ஏதோ ஒரு நல்ல காரியம் நடுவில் தவறாகப் போயிருக்கும், பிள்ளை சொல்லுவான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். நித்யாவே போன் செய்தாள். "அத்தை, எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க, நீங்க மனசார குடுத்தீங்கன்னு பிரபு சொன்னார்" என்றாள். பாவம், அவள் காதிலும் பூச்சுற்றி வைத்திருக்கிறாய். அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

பிறகு உன்னோடு பேசினேன். அழுவாய் என்று நினைத்தேன், சிரித்தாய். சௌகார்பேட்டையில் மொத்தமாகப் புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தாயாம், அவர்களுக்குப் பழசைவிட அதுதான் உசத்தியாம், வந்தவர்களுக்கு என் வேலை கலையாகத் தெரிந்ததாம், ஊர் பெயர், உன் பெயர், என் பெயர் எல்லாம் மேலே போனதாம். "இதுல யாருக்கும்மா நஷ்டம்?" என்று கேட்டாய். அந்த ரெண்டு பின்னல் பெண் யார் என்று கேட்டேன். "நீ சந்தோஷப்படுவியேன்னு சொன்னேம்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வைத்ததுதான்.

யாருக்கு நஷ்டம் என்று நீ கேட்டதை நான் சும்மா விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வராண்டா முழுக்க ஊதா நிறத்தில் பளபளவென்று உன் கம்பளி. ஒரு அம்மாளிடம் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "சோக்கா கீதும்மா, கம்முனு தூக்கம் வருது" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், நான் பொய் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நஷ்டமில்லை. என் போர்வை மேல் எனக்கிருந்த கர்வமும் அங்கேயே கொஞ்சம் இறங்கிப்போயிற்று. உனக்குக் கம்பளி வாங்கிக் கொடுக்கத் தோன்றியதே, அதை நான் குறை சொல்லவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் நானே கூட வந்து தூக்கிக் கொடுத்திருப்பேன். மேடைக்குப் போர்வை வேண்டும் என்று கேட்டிருந்தால், கட்பீஸ் மூட்டை இங்கேதான் இருக்கிறது, கண் விழித்தாவது தைத்துத் தந்திருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்டால் கிளிப் போர்வையைத் தர மாட்டேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாய். அதுதான்டா என்னைக் குத்துகிறது.

நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன், ஞாபகமிருக்கிறதா? முதல் லீவுக்கு வந்தபோதே அதைத் திருப்பிக் கொண்டுவந்து பீரோ மேல் போட்டுவிட்டாய். பிச்சைக்காரன் போர்வை என்று பையன்கள் கேலி செய்கிறார்கள் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வயசுப் பிள்ளை, நாலு பேர் நடுவில் இருக்கிறான் என்று ஆற்றிக்கொண்டேன். அன்றைக்கு என் போர்வையை நினைத்து வெட்கப்பட்டாய், அதை மன்னித்துவிட்டேன். இன்றைக்கு அதே போர்வையை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாய், இதை மன்னிக்க முடியவில்லை. எனக்கே இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நீ சின்ன வயதிலேயே இப்படித்தான். டிபன் பாக்ஸில் உப்புமா வைத்தால் ஆவடி ஸ்டேஷன் நாய்க்குப் போட்டுவிட்டு வந்து, "சூப்பர்மா, ஃபிரெண்ட்ஸ்கூட கேட்டாங்க" என்பாய். தெரிந்தபோது நான் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்கிறது பார் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு முதுகில் ரெண்டு வைத்திருக்க வேண்டும். அடுத்தவர் சந்தோஷத்துக்காகச் சொல்கிறேன் என்று நீ பொய்க்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிடக் கற்றுக்கொண்டது என் வீட்டில்தான், என் சிரிப்பைப் பார்த்துத்தான். பொய் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதே, அது என் வளர்ப்பில் எங்கேயோ இருக்கிற ஓட்டை.

நஷ்டம் யாருக்கு என்று வியாழக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. மறுநாள் ராஜி இட்லி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், அதற்குள் சொல்லியாக வேண்டும். உன் அப்பா, வேண்டாம், அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டாள் என்று சொல்லிவிடு, முடிந்தது என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. கடை வாசல் வரைக்கும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடையில் ஆள் குறைந்திருந்தது. ராஜி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வர முடியாதா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் என்னால் டிஸ்சார்ஜ் கதையைச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேடை, பொன்னாடை, ஜெர்மனிக்காரி, சௌகார்பேட்டை. அவள் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தினால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும், உனக்குத்தான் தெரியுமே. கத்தவில்லை. பாவாடை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றாள்.

"அப்படி ஒரு பொண்ணே இல்ல ராஜி."

அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு நாளாக அந்தப் பெண்ணோடுதான் இருந்திருக்கிறாள், பிரபு. அது என்ன படிக்கும், காரம் சாப்பிடுமா, அம்மா கூட இருக்கிறாளா, தரையில் படுத்திருக்கிறாளா என்றெல்லாம் புருஷனோடு பேசிப் பேசி ஒரு பெண்ணை உண்டாக்கி வைத்திருந்தாள். அவளுக்கு ஊட்ட என்று காரமில்லாமல் தனியாகப் பொடி இடித்து வைத்திருந்தாள், அந்த டப்பாவை எனக்குக் காட்டினாள். ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவள். இல்லாத ஒரு பெண்ணை நீ சிரிக்க வைத்து, மறுபடி அவளைத் தூக்கிக் கொடுக்க வைத்துவிட்டாய். இதுதான்டா நஷ்டம். உன் ஆபீஸ் கணக்கில் இது வராது.

நீ ஊர் விட்டு ஊர் போகிறாய். புத்தி சொல்லி அனுப்புவது பெற்றவள் கடமை, இந்தக் கோபத்திலும் அதைச் செய்துவிடுகிறேன். யாராவது ஒரு பொருளை உன் கையில் கொடுத்து இதை இன்ன இடத்தில் சேர்த்துவிடு என்றால், சேர்த்துவிடு. முடியாது என்றால் முடியாது என்று அப்போதே சொல். அதைவிட நல்ல இடம் உனக்குத் தெரிந்திருக்கலாம், அதைவிட நல்ல பொருள் உன்னால் வாங்கவும் முடியலாம். உன்னை யோசிக்கச் சொல்லி யாரும் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டு வரச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்புறம், நித்யாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. புது ஊரில் உனக்கு இருக்கப் போவது அவள் ஒருத்திதான். அவளையும் சந்தோஷப்படுத்தியே நாளை ஓட்டிவிடாதே.

அந்த ஜெர்மனிக்கார அம்மாளிடம் போய்ப் போர்வையைத் திருப்பிக் கேட்டுவிடாதே. அந்த அம்மாள் என்ன பாவம் செய்தாள்? போர்த்திக்கொள்ளட்டும். ஆனால் அது யாருடைய பாவாடை என்று அவளுக்குச் சொல். நான் மனசாரக் கொடுத்தேன் என்று சொன்னது பொய் என்றும் சொல்லத் தைரியம் இருந்தால் சொல். நீ ராஜியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்க நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது கேட்க மாட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். ஸ்வீட் பாக்ஸோடு மட்டும் போய் நிற்காதே.

ஏர்போர்ட்டுக்கு நான் வரவில்லை. அப்பா வருவார். பருப்புப் பொடியும் ஊறுகாயும் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், கோபம் வேறு, சாப்பாடு வேறு.

நேற்று ராஜி நம் வீட்டுக்கு வந்தாள். இனி வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஒரு பையை நீட்டினாள். தேவியின் ஸ்கூல் யூனிஃபார்ம். இன்னொரு போர்வை போட்டுக் கொடு என்றாள். ஊசியை நானே கோத்துக் கொடுத்தேன். முதல் தையலைப் போட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அக்கா, தப்பா நெனச்சிக்காத. இத நீயே எட்த்துகினு போய் குடு. உம்புள்ள கைல மட்டும் குடுத்துடாத" என்றாள்.

சரி என்றேன். உன்னைப் பெற்றவள் நான், உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மா